படிவத்தின் நான்காவது வரி

“எந்த மருந்தும்னா, எந்த மருந்துமா?” என்று கேட்டார் அந்த அக்கா.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சொந்தப் பேனாவை மூடியைக் கழற்றாமலே என் மேசைமேல் இருந்த படிவத்தின் நான்காவது வரியில் ஊன்றியிருந்தார். ‘ஆய்வு நடைபெறும் தொண்ணூறு நாட்களும் வேறு எந்த மருந்தும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.’ அவருக்கு முன்னால் இருபத்து மூன்று பெண்கள் அதே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தியும் அந்த வரியைப் படிக்கவில்லை. தமிழில் தட்டச்சு செய்த நானே அதைப் படித்தேன் என்று சொல்ல முடியாது.

“ஆமாக்கா. எந்த மருந்தும்தான்.”

“காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடுவேன். பல வருசமாப் போடுதேன். அதுவுமா?”

என் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி. இரண்டாவது முறையாக அழைக்கிறார். “எதுவுமே கூடாதுக்கா. போட்டா கணக்கு கெட்டுரும்,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து பெயரை முழுதாக எழுதி, தேதி போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்தார். இருபத்து நான்காம் எண்.

திருநெல்வேலிக்குப் பக்கம், பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கும் பேப்பர் கப் செய்யும் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது எங்கள் கம்பெனி. மூலிகைக் கூந்தல் தைலம், சீயக்காய்த் தூள், ஷாம்பு. நான் வேதியியல் படித்தவள். முதல் மூன்று வருடங்கள் ஷாம்புவில் பி.எச். காகிதத்தை முக்கி நிறம் பார்ப்பதுதான் என் வேலை. தைலத்துக்கு ‘மருத்துவ ஆய்வு’ செய்யவேண்டும் என்று முதலாளி முடிவெடுத்த மாதம், ‘ஆய்வு ஒருங்கிணைப்பாளர்’ என்று என் பெயரில் விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். நாத்தனார் வீட்டு வளைகாப்பில்கூட அந்த அட்டையை நீட்டினேன். யாருக்கு முடி முளைத்ததோ இல்லையோ, எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

படிவத்தை முதலாளி எங்கிருந்தோ வாங்கி வந்தார். அது ஏதோ மாத்திரைக்கான ஆங்கிலப் படிவம். மாத்திரையின் பெயர் இருந்த இடத்தில் எங்கள் தைலத்தின் பெயரைப் போட்டு, வரிவரியாகத் தமிழாக்கினேன். எந்த வரி நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்க ஒரு டாக்டர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆய்வு இப்படித்தான். பெண்களைக் குனிய வைத்து, மடியில் வெள்ளைத் துணி விரித்து, உச்சியிலிருந்து முன்பக்கமாக ஒரு நிமிடம் மரச்சீப்பால் வாரவேண்டும். துணியில் விழுந்த முடிகளை இடுக்கியால் பொறுக்கி எண்ணவேண்டும். வகிட்டைப் படம் எடுக்கவேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இதையே செய்து தாளில் ஏற்றவேண்டும்.

“முடி கொட்டுத பொம்பளைய எங்கன மொத்தமா கிடைப்பாவ, சொல்லு பாப்போம்?” என்று முதலாளி கேட்டார். அவரே பதிலும் சொன்னார். “புதன்கெழம தடுப்பூசி போட வருதாவள்லா, அங்கன போயி நில்லு தாயி.”

அவர் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதிதான். ஆனால் அப்படி இல்லை. எண்ணெய் வியாபாரத்தில் இருந்து வந்தவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். வேலை செய்யும் பெண்களை எல்லாம் ‘தாயி’ என்றுதான் அழைப்பார்.

நான்கு புதன்கிழமைகள் சேரன்மகாதேவியில் தடுப்பூசி போடும் இடத்தின் வாசலில் நின்றேன். எல்லாரும் கைக்குழந்தைக்காரிகள். எல்லாருக்கும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி, ஊசி போட்ட பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“பிள்ள பெத்தா நாலாம் மாசம் கொட்டும், பொறவு தன்னால வந்துரும்னு எங்கம்மா சொல்லுதா. நீங்க எண்ணெய் சும்மா தாரீயளாமே, அதான் எழுதிக் குடுக்கேன்.”

நான் சிரித்தேன். அவள் பெயரையும் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. தன்னால் வரப்போகிற முடிக்குத் தைலத்தைக் கொடுத்துவிட்டு, வந்த பிறகு எண்ணப்போகிறோம். தண்ணீரைத் தடவியிருந்தாலும் வந்திருக்கும்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். “பாதிப் பேருக்கு நம்ம தைலம், மீதிப் பேருக்கு வெறும் தேங்காயெண்ணெய் குடுத்துப் பாக்கலாமா அண்ணாச்சி?”

அவர் கணக்கு நோட்டில் இருந்து தலையை நிமிர்த்தி, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். “அப்படிப் பாத்து ரெண்டும் ஒண்ணுபோல வந்துட்டா என்ன செய்யது தாயி?”

என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் நான் அந்த அறையை விட்டு வேறு ஆளாக வெளியே வந்திருப்பேன். சரி அண்ணாச்சி என்றுதான் வந்தேன்.

எல்லாரும் இளம்பெண்களாக இருந்தால் ‘எல்லா வயதினருக்கும்’ என்று பெட்டியில் போட முடியாது. அதனால் வயதானவர் ஒருவராவது வேண்டும் என்றார். அப்படித்தான் அந்த அக்கா வந்தார். அண்ணன் மகளுக்குச் சான்றிதழ் வாங்க நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது, அவர் என் மனுவை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். முதல் முறை தேதி இல்லை. இரண்டாம் முறை, “இனிஷியல் விட்டுப்போச்சு.” அந்த ஊரில் அவருக்குப் பயப்படாத பெற்றோர் கிடையாது. உச்சந்தலை தெரிய ஆரம்பித்திருந்தது. பின்னால் நெல்லிக்காய் அளவு கொண்டை. தைலம் பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஒழுங்கா எழுதி வச்சா நாலு பேருக்கு உபயோகமா இருக்கும். வாரேன்,” என்றார். ஞாயிறு ஆராதனைக்குப் போவதைப்போல, பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, சரியாகப் பத்து மணிக்குக் குடையோடு வந்து நிற்பார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, இருபத்து மூன்று தாள்களிலும் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. அக்காவின் தாளில் மட்டும் ஏறியது. அதற்கடுத்த முறை இன்னும் ஏறியது. துணியில் விழுந்த முடியை அவரும் பார்த்தார். எண்ணுவதில் நான் தவறுகிறேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரத்தில் அவர் குரல் மாறியது. கரகரவென்று, வேறு யாரோ அவருக்குள்ளிருந்து பேசுவதுபோல. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் ‘சளி, குரல் கம்மல்’ என்று எழுதினேன்.

“சளி இல்ல. இல்லாதத எழுதாத. குரல் கம்மல்னு மட்டும் எழுது,” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. ‘சளி’யை அடித்தேன். அடித்ததோடு விட்டேன். சளி இல்லை என்றால் குரல் ஏன் போகிறது என்று கேட்டிருக்கவேண்டிய இடம் அது.

அடுத்த முறை வந்தபோது ஸ்வெட்டர் போட்டிருந்தார். திருநெல்வேலியில், பங்குனி வெயிலில், ஸ்வெட்டர். படி ஏறி வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கவே நேரம் ஆனது. கண்ணிமைகள் வீங்கியிருந்தன. “உள்ளுக்குள்ள குளிருது பிள்ள,” என்றார். கையெழுத்துப் போட்டபோது, எப்போதும் கோடு போட்டதுபோல் நேராகப் போகும் அவர் எழுத்து, கட்டத்தைத் தாண்டிக் கீழே சரிந்தது. எனக்குள் ஏதோ ஒன்று பதறியது. அவர் ஓய்வு பெறப்போகிற வயது, வெயில் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதறுகிற மனதைத் தட்டித் தூங்கவைக்க நான் அந்த வருடம் நன்றாகவே பழகியிருந்தேன்.

ஆய்வு முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே அச்சகத்திலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. ‘மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. பக்கவிளைவுகள் அற்றது. எல்லா வயதினருக்கும்.’ நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன். பெட்டி எண்ணி முடித்துவிட்டது.

அன்று முதலாளி எல்லாத் தாள்களையும் விரித்துப் பார்த்தார். “இந்த ஒத்தத் தாளு மட்டும் ஏன் தாயி முறைச்சுக்கிட்டு நிக்கி?”

“அந்தக்காவுக்குக் கொட்டுறது கூடிருக்கு அண்ணாச்சி.”

“அவிய சொந்த விருப்பத்துல விலகிட்டாவன்னு ஒரு தாளு அடி. கையெழுத்து வாங்கிட்டு வந்துரு. பைய பேசி வாங்கு, என்ன?”

அடித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தத் தாள் போய்விட்டால் அந்தக் குரலையும் ஸ்வெட்டரையும் பற்றி நான் நினைக்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மத்தியானம் விலகல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும், எப்படிப் பேசிக் கையெழுத்து வாங்குவது என்றுதான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கணவர் இறந்த பிறகு தனியாக இருப்பவர், மகன் பெங்களூரில். ஜன்னல்கள் அடைத்து, மின்விசிறி நிறுத்தி, வீடு அடுப்பாகக் கொதித்தது. அந்தப் புழுக்கத்துக்குள் ஸ்வெட்டரும், கால்மேல் போர்வையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதிப்போயிருந்தது. என்னை வெகுநேரம் பார்த்தார். நான் யார் என்று தேடிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு... என்ன கெழம?” என்றார். வருகைப் பதிவேட்டோடு முப்பது வருடம் வாழ்ந்தவர்.

அலமாரியில் எங்கள் தைலப் புட்டி இருந்தது. ஒவ்வொரு வாரமும் எவ்வளவு குறைந்தது என்று புட்டியின்மேல் பேனாவால் கோடு போட்டிருந்தார். பக்கத்தில் நாள்தோறும் குறித்த அட்டவணை. ஒரு நாள்கூட விடவில்லை. அதற்கும் பக்கத்தில் ஒரு சின்ன மாத்திரைப் புட்டி. அதன் லேபிளை மறைத்துக் காகிதம் ஒட்டி, ‘ஆய்வு முடியும் வரை நிறுத்தம்’ என்று எழுதித் தேதி போட்டிருந்தது. அவர் என் மேசையில் கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள் தேதி.

காகிதத்தைக் கிழிக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் புட்டியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலும் அதே புட்டிதான் இருக்கிறது. தைராய்டு மாத்திரை. அம்மா ஒரு நாள் மறந்தால்கூட வீடே அதிரச் சத்தம் போடுகிறவள் நான்.

“இதையாக்கா நிறுத்துனீய?”

“நீதான... கணக்கு கெட்டுரும்னு... சொன்ன.” ஒவ்வொரு சொல்லும் தூரத்திலிருந்து நடந்து வந்தது. “இந்த மாத்திரையாலதான்... முடி கொட்டுதோன்னு... எனக்கும் ஒரு நெனப்பு.” ஸ்வெட்டரின் கழுத்தைக் கையால் இறக்கினார். சங்கிலிக்கு மேலே, தோல் மடிப்பு என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தது ஒரு பழைய வெட்டுத் தழும்பு. “உள்ள ஒண்ணும் கெடையாது. எப்பவோ... எடுத்துட்டாவ.”

அந்தச் சுரப்பியே உடம்பில் இல்லாதவர். அந்த ஒரு மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. எண்பத்தோரு நாள். வெளியே ஓடிப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன்.

ஆட்டோவில் அவர் என் தோளில் சாய்ந்தார். கை சில்லென்று இருந்தது. கண் செருகிக்கொண்டே போனது. தூங்கவிடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியாமல், “அக்கா, டி.சி. வாங்க என்னென்ன கொண்டு வரணும்?” என்று கேட்டேன்.

“விண்ணப்பம்,” என்றார் கண்ணை மூடிக்கொண்டே. “அப்பா கையெழுத்து... வேணும்.”

“அப்புறம்?”

“நூலகப் புத்தகம்... திருப்பிக் குடுத்த... சீட்டு.”

“ம், அப்புறம்?”

“ஆதார்... நகல்.”

“நாலாவது என்னக்கா?”

அவர் தலை என் தோளிலிருந்து சரிந்தது.

“அக்கா, நாலாவது!”

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. நான் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, எதிர்ப்புறமாக வண்டியை ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசல் வரை நான் கேட்டுக்கொண்டே போனேன். நாலாவது வரவே இல்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். நாடித் துடிப்பைப் பார்த்தவுடன் ஆட்களைக் கூப்பிட்டு ஓடினாள். திரும்பி வந்து கேட்டாள். “எத்தனை நாளா மாத்திரை போடல?”

“எண்பத்தோரு நாள்.”

“யார் நிறுத்தச் சொன்னது?”

சொல்லியிருக்கவேண்டும். வாய் திறந்துதான் இருந்தது. “ஏதோ ஒரு படிவத்துல இருந்துச்சாம்,” என்றேன். யாரோ சொல்லக் கேட்டதுபோல. என் தோள்பையில் விலகல் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

மூன்று நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த மூன்று நாளும் அம்மா காலையில் மாத்திரைப் புட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். இரண்டாம் நாள் முதலாளி போன் செய்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. முதல் கேள்வி, “எப்படி இருக்காவ?” இரண்டாவது, “நம்ம எண்ணெயால இல்லைல்லா? அப்படின்னு டாக்டர் எழுதித் தருவாவளா?” மூன்றாவது, அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியாகிவிட்டதா. நான் போனை அணைத்தேன்.

நான்காம் நாள் அவர் கண் விழித்துக் கிழமை கேட்டார் என்று பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் சொன்னார். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன். ஆனால் உள்ளே போய் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பத்து மணிக்கு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கம்பெனிப் படியில் ஏறி வந்தார். முதலாளி எழுந்து நின்று, “வாங்கம்மா, ஒடம்பு தேவலையா? இப்ப எதுக்கு அலையுதீய?” என்றார்.

“கடைசி எண்ணிக்கை பாக்கி இருக்கு,” என்றார் அக்கா. குரல் பாதி திரும்பியிருந்தது. “முடிக்காம நான் விலக மாட்டேன். துணிய விரி பிள்ள.”

விரித்தேன். ஒரு நிமிடம் வாரினேன். கொட்டிய முடியில் துணியே மறைந்தது. சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ணினேன். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் எண்ணிக்கையை என் கையால் எழுத வைத்துவிட்டுத் தாளைத் தன் பக்கம் திருப்பி, ‘மற்றவை’ கட்டத்தில் சொந்தப் பேனாவால், இன்னும் கொஞ்சம் சரியும் எழுத்தில், மெதுவாக எழுதினார்.

‘நாள்தோறும் எடுத்துவந்த தைராய்டு மாத்திரை நிறுத்தப்பட்டது. ஆய்வாளரிடம் கேட்டு, அவர் சொன்னபடி. எண்பத்தோராம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டேன்.’

தாளை என் பக்கம் நகர்த்தினார். “படிச்சுப் பாரு. பொய் இருந்தாச் சொல்லு, அடிச்சிருதேன். இல்லன்னா கீழ கையெழுத்துப் போடு.”

“என்ன அவசரம்மா? தாளு இங்கன இருக்கட்டும், நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றார் முதலாளி, பதமாகத்தான். என்னைப் பார்த்த பார்வையில் பதம் இல்லை.

அந்தத் தாள் அறிக்கையில் சேராது என்று எனக்கு அப்போதே தெரியும். சேரவும் இல்லை. இருபத்து மூன்று பெண்களோடு அறிக்கை முடிந்தது, பெட்டிகள் கடைகளுக்குப் போயின, இன்றும் விற்கிறார்கள். எதிர் ஜெராக்ஸ் கடையில் அந்தத் தாளுக்கு நான் எடுத்த இரண்டு நகல்களில் ஒன்று அவரிடமும் ஒன்று என்னிடமும் இருக்கின்றன. அன்று சாயங்காலத்தோடு எனக்கு அங்கே வேலை இல்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றால் அது பொய். அவர் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை களைத்துப்போவதற்குள் நான் வாங்கவேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

மூன்று முறை படித்தேன். பொய் எதுவும் இல்லை. ‘அவர் சொன்னபடி’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் நின்றது. பெயரை முழுதாக எழுதி, தேதி போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்துத் தாளை அவரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு தாளை மறுபடியும் என்னிடமே திருப்பினார்.

“இனிஷியல் விட்டுப்போச்சு,” என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.